செய்தி எழுதிப் பழகிய கை கதைக்கு உதவாதா? ஒரு மாணவப் பத்திரிகையாளரின் கேள்விக்குப் பதில்

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். சிறுகதை எழுதுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், பின்னாளில் ஆவணப்படம் எடுக்கும் ஆசையும் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரு வார இதழின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் தேர்வாகியிருக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் இவற்றில் எதைத் தொழிலாகக் கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் இறுதியில் நீங்கள் சேர்த்திருக்கும் இரண்டு வரிகளில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. செய்தி எழுதிப் பழகிய கை கதைக்கு உதவாது என்று உங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னதையும், டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லி வீட்டில் வற்புறுத்துவதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே, ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா என்பதும், இதை நம்பி வாழ முடியுமா என்பதுமே நீங்கள் கேட்க விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மாவட்ட நிருபராகத் தொடங்கி, பின்னர் வார இதழ் ஒன்றின் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் திருத்தும் மேசையில், உதவி ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவன். மாணவர்கள் எழுதி அனுப்பும் கட்டுரைகளைத் திருத்துவது அந்த வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. என் அனுபவம் முழுவதும் அச்சு இதழ் சார்ந்தது. தொலைக்காட்சிச் செய்தி அறைக்குள் நான் வேலை பார்த்ததில்லை, யூடியூப் சேனல்களின் வரவு செலவையும் வெளியிலிருந்துதான் கவனித்திருக்கிறேன். அவற்றைப் பற்றி இங்கே நான் சொல்பவற்றைச் சற்றுத் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கதை எழுதும் ஆர்வம் செய்திக்கு எந்த இடத்தில் பயன்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனெனில் பெரும்பாலான மாணவர்கள் அதைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு மாணவர் தம் கிராமத்துக்கு வரவேண்டிய இரவுக் கடைசிப் பேருந்து முறையாக வருவதில்லை என்று கட்டுரை எழுதி அனுப்பினார். அந்தி சாயும் வேளை, செவ்வானம் விரித்த போர்வை, சாலையை நோக்கி ஏங்கும் விழிகள் என்று நான்கு வாக்கியங்கள் கடந்த பிறகுதான் பேருந்து என்ற சொல்லே வந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து, விழிகளுக்கு உரியவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். டியூஷன் முடிந்து திரும்பும் பத்தாம் வகுப்பு மாணவிகள் நால்வர், நிற்குமிடம் ஒரு பெட்டிக்கடை வாசல், அந்தப் பிள்ளைகள் இருட்டில் நிற்க வேண்டாம் என்பதற்காகக் கடைக்காரர் வியாபாரம் முடிந்த பின்னும் விளக்கை அணைக்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், அது முக்கியமா என்று தெரியவில்லை என்ற பீடிகையுடன் ஒரு செய்தியைச் சொன்னார்: மாணவிகளில் ஒருத்தி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பேருந்து வந்த நாளுக்கு ஒரு டிக்கும் வராத நாளுக்கு ஒரு சுழியமும் போட்டு வந்திருக்கிறாள்.

அந்தப் பக்கம்தான் கட்டுரை. அந்த டிரிப் தினமும் ஓடுகிறது என்று பணிமனையின் கிளை மேலாளர் சொன்ன பதிலுக்கு எதிரே வைக்க அந்த மாணவரிடம் அதுவரை எதுவும் இருக்கவில்லை. செவ்வானம் சாட்சி சொல்லாது, கணக்கு நோட்டு சொல்லும். பெட்டிக்கடை விளக்கைக் கண்ணால் பார்த்ததும், நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கவனித்ததும் ஒரு கதாசிரியனின் பார்வைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் அவர் அந்தப் பார்வையை ஒதுக்கிவைத்துவிட்டு, இலக்கியம் என்று தாம் நம்பிய வருணனையைக் கையில் எடுத்துக்கொண்டார். கட்டுரை வெளிவந்த பின் சில வாரங்கள் பேருந்து ஒழுங்காக வந்தது, பின்னர் பழையபடி ஆனது. ஃபாலோ-அப், அதாவது தொடர் கட்டுரை, எழுத வேண்டிய நேரத்தில் அந்த மாணவருக்குப் பருவத் தேர்வு வந்துவிட்டது. மாணவப் பத்திரிகையாளர் கட்டுரைகள் பலவற்றின் கதி இதுதான், அது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது என்னவென்றால், படைப்பார்வம் செய்திக்குப் பயன்படுவது சேகரிக்கும்போதும் அடுக்கும்போதும்தான். எதைக் கவனிப்பது, யாரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பது, எந்தத் தகவலை முதலில் வைத்து எதைப் பின்னுக்குத் தள்ளுவது ஆகிய இடங்களில் கதை எழுதுபவர் மற்றவரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார். இன்னொரு இடத்தையும் சொல்லவேண்டும், அது பேச்சு. நம் இதழ்களில் விவசாயியின் வாயில் 'எங்களது வாழ்வாதாரம் வெகுவாகப் பாதிக்கப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தை வைப்பது வழக்கமாகிவிட்டது. எந்த விவசாயியும் அப்படிப் பேசுவதில்லை, அது மனுவில் எழுதும் மொழி. உரையாடல் எழுதிப் பழகிய காது உங்களுக்கு இருந்தால், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்வீர்கள். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கூலித் தொழிலாளியைக் கொச்சையிலும், கலெக்டரைத் திருத்தமான எழுத்து நடையிலும் பேசவைப்பது பல கட்டுரைகளில் அறியாமலேயே நடக்கிறது. கலெக்டரும் வீட்டிலும் அலுவலகத்திலும் பேச்சுத் தமிழில்தான் பேசுகிறார். ஒருவர் பேச்சை வட்டார வழக்கில் கொடுத்தால் மற்றவர் பேச்சையும் அப்படியே கொடுக்க வேண்டும், அல்லது இருவரையும் ஒரே நடையில் வைக்க வேண்டும்.

சேகரிப்பதற்கு உதவும் அதே திறமை எந்த இடத்தில் ஆபத்தாக மாறும் என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' வார இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற இளம் நிருபர் அழகான நடைக்காகக் கொண்டாடப்பட்டு, விருது மேல் விருதாக வாங்கிக்கொண்டிருந்தார். 2018 டிசம்பர் தொடக்கத்தில்கூட அந்நாட்டின் செய்தியாளர் பரிசு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதே மாதம் 19ஆம் தேதி, அவர் பல கட்டுரைகளில் மனிதர்களையும் உரையாடல்களையும் காட்சிகளையும் கற்பனையாக எழுதியிருந்தார் என்பதை அந்த இதழே வெளியிட நேர்ந்தது. அமெரிக்க–மெக்ஸிகோ எல்லை பற்றிய கட்டுரையை அவருடன் கூட்டாக எழுதிய ஹுவான் மொரேனோ என்ற நிருபர் சந்தேகப்பட்டு, ரெலோட்டியஸ் பேட்டி எடுத்ததாகச் சொன்ன ஆட்களைத் தாமே தேடிச் சென்று பார்த்தபோது, அப்படி ஒருவரைத் தாங்கள் சந்தித்ததே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். தகவல் சரிபார்ப்புக்கென்று பெரிய தனித் துறையே வைத்திருந்த இதழில் இது நடந்தது. நான் பார்த்த தமிழ் இதழ்களில் அப்படிப்பட்ட துறை கிடையாது, உதவி ஆசிரியரின் சந்தேகம் ஒன்றுதான் காவல்.

நீங்கள் ரெலோட்டியஸ் ஆகிவிடுவீர்கள் என்று சொல்ல வரவில்லை. யாரும் ஒரே நாளில் முழு மனிதரைக் கற்பனை செய்யத் தொடங்குவதில்லை. மூன்று பேர் சொன்னதை ஒருவர் வாயில் சேர்ப்பது, நேற்று பார்த்த மழையை இன்றைய பேட்டிக்கு மாற்றிவைப்பது, அழாதவரின் கண்களில் நீர் கோத்திருந்ததாக எழுதுவது என்று அது சிறிதாகத்தான் நுழையும். கதையில் இவை குற்றமே இல்லை, கதையே இவற்றால்தான் ஆகிறது. செய்தியில் இவற்றில் ஒன்றுகூடக் கூடாது என்பதில் விதிவிலக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெயரை மாற்றினால் மாற்றியிருக்கிறோம் என்று வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும், ஊகமென்றால் ஊகம் என்று எழுதிவிட வேண்டும். இரண்டு வேலையையும் செய்ய விரும்புகிறவர் தம் குறிப்பேட்டில் இந்த ஒழுங்கை மற்றவர்களைவிடக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும்.

வருணனை சட்டத்தோடு மோதும் இடமும் ஒன்று உண்டு, மாணவர்கள் அதை அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரை மட்டுமன்றி முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பெயரை மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில், ஊர் முனையிலுள்ள கோயிலையும், வீட்டு வாசலிலுள்ள வேப்பமரத்தையும், தந்தை ஓட்டும் வாகனத்தையும் அழகாக வருணித்துவிட்டால், அந்த ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். மற்றக் கட்டுரைகளுக்கு உயிர் கொடுக்கும் நுண்விவரம் இங்கே ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும். தற்கொலைச் செய்திகளிலும் இதே கட்டுப்பாடு தேவை. அவற்றை எப்படி எழுதுவது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. முதல் அசைன்மென்ட்டுக்குக் கிளம்பும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

இனி உங்கள் பேராசிரியரின் கருத்துக்கு வருகிறேன். அதை மறுக்க எளிதான வழி பெரிய பெயர்களைச் சொல்வது. பாரதியார் 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்பதாகவே இருந்தது. 1906-இல் 'இந்தியா' வார இதழின் பொறுப்பை ஏற்று அதில் கருத்துப் படங்களை வெளியிட்டார். வாழ்வின் இறுதியில் 1920-இல் மீண்டும் சுதேசமித்திரனுக்கே திரும்பினார். புதுமைப்பித்தன் 1943 வரை தினமணியில் இருந்தபடியேதான் தம் முக்கியமான கதைகளில் பலவற்றை எழுதினார். நம் காலத்தில் ஆனந்த விகடனில் பணியாற்றிய ராஜுமுருகன் திரைப்பட இயக்குநரானார். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து செய்தி வேலை படைப்புக்கு உரமாகும் என்று முடிவு கட்டிவிடுவது சரியன்று, ஏனெனில் நமக்குத் தெரிந்தவை எழுதித் தப்பித்தவர்களின் பெயர்கள் மட்டுமே. நல்ல கவிதைகளோடு டெஸ்க்குக்கு வந்து, பத்தாண்டுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதாமல் போனவர்கள் என்னுடன் பணியாற்றியவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டியல் கிடையாது. செய்தி வேலை அவர்களை நிறுத்தியதா, வயதும் குடும்பமும் நிறுத்தினவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்லக்கூடிய ஒன்று மொழி தொடர்பானது. தினசரிச் செய்திக்கென்று நம்மிடம் ஆயத்தத் தொடர்கள் நிறைய இருக்கின்றன. விபத்து நடந்தால் அப்பகுதியில் பெரும் சோகம் ஏற்படும், தகராறு நடந்தால் பரபரப்பு ஏற்படும், கட்டுரை எப்படி முடிவதென்று தெரியாவிட்டால் ஏதாவதொன்று குறிப்பிடத்தக்கதாகிவிடும். இரவு எடிஷன் மூடும் நேரத்தில் இந்தத் தொடர்கள் கைகொடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பிரஸ் ரிலீஸை மறுவடிவம் செய்தே காலம் போனால், சிந்தனையும் அந்தத் தொடர்களிலேயே நடக்கத் தொடங்கிவிடும், அப்போது கதையும் அதே மொழியில்தான் வரும். பேராசிரியர் சொன்னது இந்த அளவில் சரி. நிருபராக வெளியே சுற்றுபவருக்கு இந்த ஆபத்து குறைவு, வெளியே போகாமல் மேசையிலேயே இருப்பவருக்கு அதிகம் என்பது என் கணிப்பு. நேர வசதியைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். ஷிப்ட் முடிந்ததும் டெஸ்க் ஆளுக்குச் சொந்த நேரம் மிஞ்சும், மாவட்ட நிருபருக்கு நள்ளிரவிலும் தொலைபேசி வரும்.

வீட்டார் சொல்லும் அரசு வேலையை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். தமிழில் எழுத்தாளர்கள் பலர் தபால், தொலைபேசி, வங்கி, கல்லூரி என்று சம்பளம் வரும் ஏதாவதொரு வேலையில் இருந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். சிறுகதை எழுதி மாதச் செலவை ஓட்டியவர் எவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இதில் உங்கள் முடிவுக்குத் தேவையான ஒரு வேறுபாடு மறைந்திருக்கிறது. அரசு ஊழியர் கதையும் கவிதையும் எழுதலாம். அரசின் கொள்கையையும் செயலையும் வெளிப்படையாக விமர்சிப்பதை 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. அதாவது அரசு வேலைக்குப் போனால் உங்கள் படைப்பார்வம் பெரும்பாலும் உயிரோடிருக்கும், பத்திரிகையாளர் இறந்துவிடுவார். நிருபர் வேலைக்குப் போனால் படைப்பார்வம் நெருக்கடிக்கு உள்ளாகும், ஆனால் சட்டப்படி யாரும் அதைத் தடுக்க மாட்டார்கள். இதை வைத்து யோசியுங்கள். கதை முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் வரும். பேருந்து நிலையத்தில் படுத்து, அரசு மருத்துவமனை வாசலில் காத்திருந்து, நாளைக்கு மூன்று ஊர் சுற்றிச் செய்தி சேகரிக்கும் உடம்பும், பொறுப்புகள் சூழாத வாழ்க்கையும் இருபதுகளில்தான் இருக்கும். கதையும் செய்தியும் உங்களை ஒரே அளவில் இழுக்கின்றன என்றால், முதலில் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. குடும்பத்தில் கடன் இருந்தாலோ, உங்கள் சம்பளத்தை நம்பி யாரேனும் இருந்தாலோ இந்தக் கருத்து பொருந்தாது, அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டதற்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். மாவட்டங்களில் பலர் பகுதிநேர நிருபராகத்தான் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளியாகும் செய்திக்கு ஏற்பவோ ஒரு சிறு தொகையாகவோதான் பணம் வரும். பெட்ரோலும் கேமராவும் பெரும்பாலும் சொந்தச் செலவு. சில நிறுவனங்களில் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் சொல்லாமல் சொல்லப்பட்ட கடமை. எவரிடம் விளம்பரம் கேட்டுப் போனீர்களோ அவரைப் பற்றி நாளை எப்படி எழுதுவீர்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை வரையறுத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011-இல் அறிவிக்கையாகி, 2014-இல் உச்ச நீதிமன்றமும் அவற்றை உறுதி செய்தது. ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கும் இடங்களில் அவை காகிதத்தோடு நின்றுவிட்டன. எனவே எங்கே சேர்ந்தாலும் பணி நியமன ஆணையை எழுத்தில் கேளுங்கள். வார இதழ்களின் நிலையும் முன்புபோல் இல்லை. 1941-இல் தொடங்கிய கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மொழிபெயர்ப்பு மேசை ஒரு காலத்தில் இளைஞர்களுக்கு உறுதியான சோறு போட்டது. இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு அந்த வாசல் சுருங்கும் என்பது என் ஊகம், எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இடத்துக்கு நேரில் போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேலைக்கு அப்படி ஓர் ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

படைப்பாளி என்ற முறையில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் இன்னொன்றும் உண்டு. பத்திரிகை நிறுவனத்தில் பணியாளராகவோ பயிற்சியாளராகவோ ஒப்பந்தத்தின்படி இருந்து எழுதியவற்றை இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு உரியது. மற்ற எல்லா வகையிலும் பதிப்புரிமை எழுதியவருக்கே என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் இதற்கு மாறான உடன்படிக்கை இல்லாதபோது மட்டுமே இது செல்லும். மாணவர் திட்டத்தில் சேரும்போது கையெழுத்திடும் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். அந்தத் தாளில் எல்லா உரிமைகளையும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, நீங்கள் எடுத்த படங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் கட்டுரையைப் புத்தகமாக்கவோ அதிலிருந்து ஒரு படம் எடுக்கவோ நினைக்கும்போது அந்தத் தாள் முன்னால் வந்து நிற்கும்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் முறையாகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். செய்திக்காகச் சந்தித்தவர்களைப் பின்னாளில் கதையில் வைக்கும் ஆசை உங்களுக்கு நிச்சயம் வரும். பெட்டிக்கடைக்காரரைப் போன்ற ஒருவரைக் கதையில் வைப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் உங்களிடம் சொன்னதைப் பெயர் மாற்றிக் கதையாக்குவதை நான் ஏற்க மாட்டேன். அவர் பேசியது நிருபர் என்ற நம்பிக்கையில், கதாசிரியரிடம் அவர் எதையும் ஒப்படைக்கவில்லை. நண்பர்கள் சிலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை, இலக்கியத்துக்கு இவ்வளவு பத்தியம் தேவையில்லை என்பார்கள். இது முடிந்த முடிவன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், காட்சியை ஜோடிக்காதீர்கள், யார், எங்கே, எப்போது என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். ஆவணப்படத்துக்கு இப்போதே கருவி தேடி அலைய வேண்டாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவைப் பற்றிய 'பாரி' இணைய இதழில் எழுத்தும் படமும் காணொளியும் ஒரே கட்டுரையில் எப்படி இணைகின்றன என்று பாருங்கள். அது தமிழிலும் வெளியாகியிருக்கிறது, மாணவர்களின் கட்டுரைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

இந்த ஓராண்டில் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒரே விஷயத்தைத் தொடர்ந்து எழுதிப் பார்க்கச் சொல்வேன். பெயரோடு வெளியான கட்டுரைகள் பத்து இருந்தாலும் ஒரே பேருந்தைப் பற்றி மூன்று முறை எழுதியவரைத்தான் ஆசிரியர் நினைவில் வைத்திருப்பார். அதற்கு உங்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் மனுச் செய்யப் பத்திரிகையாளர் அட்டை தேவையில்லை, குடிமகனாக இருந்தால் போதும். கட்டணம் 10 ரூபாய், காரணம் கேட்கும் உரிமை அதிகாரிக்குக் கிடையாது, 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டாலோ தந்தது போதாவிட்டாலோ முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் விளக்கம் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். பேருந்து ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒருவரிப் பதில் வரும். குறிப்பிட்ட தேதிகளில் அந்த டிரிப் இயக்கப்பட்டதற்கான பதிவேட்டின் நகலைக் கேட்டால், அதை மாணவியின் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மேற்படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதழியல் பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களே தமிழ் இதழ்களில் நான் அறிந்தவரை அதிகம், எனவே அது கட்டாயமில்லை. படிக்க விரும்பினால், சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரி ஓராண்டு முதுநிலைப் பட்டயம் தருகிறது. பயிற்று மொழி ஆங்கிலம், கட்டணம் அதிகம். டெல்லியில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் நுழைவுத் தேர்வு மூலம் மாணவர்களைச் சேர்க்கிறது. தமிழக அரசும் 2025-இல் சென்னையில் ஓர் இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது. அங்கும் ஓராண்டுப் பட்டயம்தான். எங்கே சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஆங்கிலத்தில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பையும் அரசாணையையும் பிறர் உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இன்னும் ஓராண்டில் வந்துவிடுங்கள். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்த நல்ல நிருபர்கள் பலர் தடுமாறியது அந்த ஓரிடத்தில்தான், நடையில் அன்று. சேர்க்கை அறிவிப்புகள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் பிற்பாதியில் வரும். அதற்குள் வெளியான கட்டுரைகளில் மூன்றையும், கதைகளில் ஒன்றையும் தேர்ந்தெடுத்துத் தனியே வைத்திருங்கள். நேர்காணலில் கட்டுரைகளைக் கேட்பார்கள், கதையை அவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.